நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்

என் கணவர் கிளைச் சிறை ஒன்றில் வார்டராக இருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் விஷக்காய்ச்சல் கண்டு பன்னிரண்டே நாளில் இறந்துபோனார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தேன். குழந்தை இல்லை. தென்காசியில் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன்.

அந்தச் சிறை எந்த ஊரில் இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. தென்காசியில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவு போதும். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

காரியம் முடிந்த மறுவாரம் தலைமை வார்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சொந்தமாக வயல் வைத்திருந்த விவசாயக் குடும்பம். என் கணவருக்கு வேலை பழக்கியவர் அவர்தான். காய்ச்சலில் கிடந்தபோது வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பெண் கைதி யாராவது வந்தால் மட்டும் காவலுக்கு ஒரு பெண்ணைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வது வழக்கம் என்றும், இதுவரை இருந்த அம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது என்றும், என்னை அனுப்பினால் தான் பார்த்துக்கொள்வதாகவும் அப்பாவிடம் சொன்னார். தாலியறுத்த பெண்ணை ஜெயிலுக்கு அனுப்புவதா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அண்ணாச்சி இருக்கிறார் என்ற ஒரே தைரியத்தில் போனேன்.

இரண்டு வருஷத்தில் ஏழெட்டு முறை ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருப்பார்கள். சாராயம் விற்றவள், வாய்க்கால் தகராறில் மண்வெட்டியை வீசியவள், மாமியார்மேல் கொதிநீரை ஊற்றியவள் என்று யாராவது வருவார்கள். பத்து நாளோ இருபது நாளோ அவர்களோடு நானும் அங்கேயே இருப்பேன். ஜாமீனிலோ, பாளையங்கோட்டைப் பெரிய சிறைக்கோ அவர்கள் போய்விட்டால் நான் தென்காசிக்குத் திரும்பிவிடுவேன்.

சிறை பழைய கட்டடம். முன்பக்கம் ஆண்களுக்கு நான்கு அறைகள். அதற்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கு ஓர் அறை, சின்ன முற்றம், ஒரு கிணறு. இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு மரக்கதவு உண்டு. அதன் பூட்டு எப்போதோ கெட்டுப்போய்விட்டது. எங்கள் பக்கம், தாழ்வாக இருந்த கொக்கியில் ஒரு சங்கிலியை மாட்டி வைத்திருப்போம். ஆனால் கதவின் கீழ்ப்பலகை இற்று, ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்தப் பக்கமிருந்து கையை விட்டால் கொக்கியைக் கழற்றிவிடலாம். வெளி மதிலும் அப்படித்தான். ஓர் ஐப்பசி மழையில் ஓர் ஆள் அகலத்துக்குச் சரிந்தது. அதை யாரும் கட்டவில்லை. உள்ளே பனையோலைத் தட்டி வைத்து, வெளியே முள்ளை அடைத்திருந்தார்கள். கோழி வராமல் இருக்க அது போதும்.

சாவிக்கொத்து இருந்தது ஒரு கைதியின் இடுப்பில். களவு வழக்கில் வந்து, விசாரணை தள்ளித் தள்ளிப்போய், ஒரு வருஷத்துக்கு மேல் ரிமாண்டிலேயே கிடந்த ஆள் அவர். நாற்பது வயதிருக்கும். தணிந்த குரலில் மரியாதையாகப் பேசுவார். சமையலில் கெட்டிக்காரர். முதலில் சமையலறைச் சாவி மட்டும் அவரிடம் போயிற்று. பிறகு காலையில் அறைகளைத் திறந்துவிடும் வேலையும் அவருடையதானது. எல்லோரும் அவரைச் சாவிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். சந்தைக்குக் கூடையோடு அவரைத் தனியாகவே அனுப்பினார்கள். பாரா நிற்கும் போலீஸ்காரர் விலகி வழிவிடுவார்.

ஆனி மாதம் கார் நெல் நடவு தொடங்கினால் நாலைந்து கைதிகள் அண்ணாச்சியின் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருப்பார்கள். வயலில் வயிறாரச் சோறு கிடைக்கும் என்பதால் போவதற்கு அவர்களுக்குள் போட்டி. உண்மையைச் சொல்வதென்றால், அப்போது எனக்கு இதெல்லாம் தப்பாகத் தெரியவில்லை. அறுப்பு முடிந்ததும் அந்த வயலின் புது அரிசி எங்கள் வீட்டுக்கும் ஒரு கடகப்பெட்டி நிறைய வந்தது. நாங்களும் பொங்கிச் சாப்பிட்டோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலத்தில் என்னை மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்கள். குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கத்தில் ஒருத்தியின் கழுத்துச் சங்கிலி காணாமல் போய், கடலை விற்க வந்த ஒரு பெண்ணின் மடியில் இருந்ததாகப் பிடித்து வந்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரி. தண்ணீருக்குள் கிடந்ததை எடுத்தேன், கொடுப்பதற்குள் பிடித்துவிட்டார்கள் என்றாள். நம்பலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை, அது என் வேலையும் இல்லை. பகலெல்லாம் பேசிக்கொண்டே இருப்பாள். களியில் உப்பில்லை என்று தினமும் சண்டை. மழைத்தண்ணீர் முற்றத்தில் ஓடுவதைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் சும்மா ஓடுதே எக்கா, எங்க ஊர்ல இதுல ஒரு குடம் இருந்தா கலியாணமே நடத்திப்போடுவோம்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கணவர் இறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த முற்றத்தில்தான்.

வந்து பத்து நாள் இருக்கும். நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்பக்கம் போய்த் திரும்பியபோது அவள் அறைக்குள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சே இல்லை. இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"எக்கா, அந்தச் சாவிக்காரன் ஓட்டைக்குள்ள கைய விட்டுக் கொக்கியக் கழத்திட்டு உள்ள வந்தான். எங்கிட்ட ஒண்ணும் பேசல. நேரா அந்தத் தட்டிகிட்டப் போயி, தூக்கிப் பாத்துட்டுப் போயிட்டான். எனக்குப் பயமா இருக்கு."

அன்றே அண்ணாச்சியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இதை வாயால் சொன்னால் பத்தாது, எழுதிக்கொடு, மேலதிகாரிக்கு அனுப்பி மதிலையும் கதவையும் சரிசெய்ய வைக்கிறேன் என்றார். நானே கைப்பட எழுதினேன். கதவில் உள்ள ஓட்டை, இடிந்த மதில், சாவி ஒரு கைதியிடம் இருப்பது, அவன் உள்ளே வந்தது எல்லாம் ஒரு முழுத்தாளில் வந்தது. கீழே என் கையெழுத்து. அவர் படித்துப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா இருக்கும்மா" என்று சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. தச்சரும் வரவில்லை, கொத்தனாரும் வரவில்லை. சாவிக்கொத்து அதே இடுப்பில் தொங்கியது. நான் மறுபடி கேட்டதற்கு, காகிதம் மேலே போயிருக்கிறது, சர்க்கார் காரியம் மெதுவாகத்தான் நடக்கும் என்றார். அதன்பின் நான் சாப்பாட்டை முற்றத்துக்கே கொண்டுவரச் சொல்லி அவள் கூடவே இருந்து சாப்பிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் சீசன் பலமாக இருந்தது. குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை என்று பாராப் போலீஸ்காரர்கள் இருவரையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். வார்டர்கள் இரண்டு பேரில் ஒருவர் மேலதிகாரியின் பங்களாவில் விறகு பிளந்துகொண்டிருந்தார். இந்த நிலைமையில் ஒரு நாள் காலை அண்ணாச்சி பின்பக்கம் வந்தார். மேலதிகாரியின் வீட்டம்மாவும் அவர்களுடைய மதுரை விருந்தாளிகளும் அருவிக்குப் போகிறார்கள், குளிக்கும்போது துணிமணியையும் நகையையும் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான பெண் ஒருத்தி வேண்டும், நீ போய்விட்டு வா என்றார்.

"அப்போ இங்கன யாரு அண்ணாச்சி பாத்துக்கிடுவா?" என்று கேட்டேன்.

"நான் இருக்கேன்லா. நீ போயிட்டு வாம்மா. சாயங்காலத்துக்குள்ள வந்திரலாம்."

கடலைக்காரி என்னைப் பார்த்தாள். கொக்கியை மாட்டிவிட்டு, ஓட்டைக்கு முன்னால் ஒரு துவைகல்லை நகர்த்தி வைத்துவிட்டு, காரில் ஏறினேன். கார் ஏறியது அதுதான் எனக்கு முதல் தடவை.

அன்று மனசு நன்றாகவே இருந்தது. அதை மறைத்து எழுத முடியாது. சாரல் முகத்தில் அடித்தது. அந்த அம்மாள் அன்பாகத்தான் இருந்தார். எல்லோரும் குளித்த பிறகு, நீயும் நனைந்துவிட்டு வா என்று என்னை அனுப்பி, என் துணியை அவரே மடியில் வைத்துக்கொண்டார். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒரு இலையில் வைத்தார். அருவிக்கு அடியில் நின்றபோது உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கியதுபோல் இருந்தது.

திரும்பி வந்தபோது சிறை வாசலில் கூட்டம். அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டு அறிந்ததைத்தான் சொல்கிறேன். நான் போன கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி நடவு பார்க்க வயலுக்குப் போய்விட்டார். மீதி இருந்த ஒரு வார்டர் ஆபீஸ் அறையில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். மூன்று மணி வாக்கில் மழை ஓங்கியது. சாவிக்காரர் இன்னும் இரண்டு பேரின் அறைகளைத் திறந்துவிட்டார். மூவரும் கதவை முட்டித் துவைகல்லை நகர்த்தி, கையை விட்டுக் கொக்கியைக் கழற்றிப் பெண்கள் பக்கம் நுழைந்தார்கள். கடலைக்காரி ஓலைத்தட்டிக்கு முன்னால் போய் நின்று கத்தியிருக்கிறாள். அவர்களில் ஒருவன் விறகுக்கட்டையால் அவள் தலையில் அடித்தான். அவள் விழுந்தாள். அவர்கள் தட்டியைத் தள்ளிவிட்டு முள்ளின்மேல் கோணிச்சாக்கைப் போட்டு ஏறிப் போய்விட்டார்கள். அவள் சத்தம் கேட்டுத்தான் வார்டர் எழுந்து வந்திருக்கிறார்.

நான் உள்ளே ஓடியபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிணற்றடியில் ரத்தத்தை மழை கழுவிக்கொண்டிருந்தது. என் தலைமுடியிலிருந்து அருவித்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அண்ணாச்சி தென்காசிக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பாவிடம் அனுமதி கேட்டு என்னோடு தனியாகப் பேசினார். முகம் இருண்டுபோயிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி விசாரிக்க வருகிறார், என்னை அருவிக்கு அனுப்பியது தெரிந்தால் மேலதிகாரியின் பெயர் கெடும், அவர் சும்மா விடமாட்டார் என்றார். அவருக்கு இன்னும் நாலு வருஷம்தான் சர்வீஸ் இருந்தது. கல்யாணமாகாத மூன்று பெண்கள்.

"ஒனக்கு இது டெம்பரவரி வேலதானம்மா. போனாலும் ஆறு மாசத்துல நானே திரும்ப எடுத்துக் குடுப்பேன். எனக்குப் போச்சுன்னா எல்லாம் போச்சு. நீ சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போயிட்டேன்னு மட்டும் சொல்லு. போகும்போது சங்கிலி சரியா மாட்டித்தான் இருந்துச்சுன்னு சொல்லிரு. அம்புட்டுத்தான்."

நான் எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். அதை இப்போது எடுத்தால் எல்லோருக்கும் ஆபத்து, அதை மறந்துவிடு என்றார். என் கணவரை வண்டியில் தூக்கி வைத்த கைகள் அவருடையவை. நான் சரி என்று தலையாட்டினேன்.

விசாரணை அதிகாரி என்னிடம் பத்து நிமிஷம்கூடக் கேட்கவில்லை. அண்ணாச்சி சொன்னபடியே சொன்னேன். யாரோ எழுதினார்கள், படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். டூட்டி நோட்டில் அன்று முழுக்க நான் பெண்கள் பக்கம் காவலுக்குப் போடப்பட்டிருந்ததாக எழுதியிருந்தது, வேறெங்கும் அனுப்பியதாக இல்லை. அதைத் திருத்தச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அன்றோடு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. வேலை போன கவலையில் நான் அதுவரை வெளியே போகாமல் இருந்தேன். விறகு பிளந்துகொண்டிருந்தாரே, அந்த இன்னொரு வார்டர், தென்காசி ரதவீதியில் என்னைப் பார்த்து நின்றார். கடலைக்காரிமேல் இன்னொரு வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றார். கைதிகள் தப்பியோட அவள் உதவினாளாம். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். சங்கிலி சரியாக மாட்டியிருந்தது என்று நான் சொல்லிவிட்டேன். கொக்கி எங்கள் பக்கம் இருந்தது. கதவில் ஓட்டை இருந்ததாக எந்தக் காகிதத்திலும் இல்லை, பலகையை மறுவாரமே மாற்றிவிட்டார்கள். அப்படியென்றால் கொக்கியைக் கழற்றியது உள்ளே இருந்த அவளாகத்தான் இருக்க முடியும். தலைக்காயம், ஓடும்போது கிணற்றடியில் வழுக்கி விழுந்ததால் வந்ததாம்.

அங்கிருந்து நேரே பஸ் ஏறி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லி, உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். நான் உட்காரவில்லை. இந்த வழக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் வைக்கோலை உதறிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவ களவாணிதானம்மா. அவளுக்கு இதுவும் ஒண்ணு. நீ எதுக்குப் பதறுத?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும்போல அன்பான குரலில்தான் சொன்னார். அந்தக் குரலை நம்பித்தான் நான் இரண்டு வருஷம் அந்தக் கட்டடத்துக்குள் தூங்கி எழுந்திருந்தேன். மோரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்து மேலதிகாரியின் பங்களாவுக்குப் போனேன். அருவிக்கு என்னை அழைத்துப்போனதை மட்டும் அந்த அம்மாள் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். வாசற்படியில் நிற்க வைத்தார்கள். அவர் வெளியே வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது என்பதை அவர் கண் சொன்னது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, அருவிக்கு எத்தனையோ தடவை போகிறோம், யார் யாரோ கூட வருகிறார்கள், நீ வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லையே என்றார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. என் ஈரத்துணியை மடியில் வைத்திருந்தவர். வீடு வந்து சேரும்வரை எனக்கு அழுகைகூட வரவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது என்னைச் சர்க்கார் தரப்புச் சாட்சியாகத்தான் கூப்பிட்டார்கள். என் வாக்குமூலத்தை நானே உறுதி சொல்ல வேண்டும். போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று எழுதிப்போட்டுவிடலாம் என்றார் அப்பா. நான் போனேன். கூண்டில் ஏறியபோது, அருவிக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கடலைக்காரியைப் பார்த்தேன். தலையின் ஒரு பக்கம் முடி மழிக்கப்பட்டு, தழும்பு தெரிந்தது. என்னைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, இது நீங்கள் சொன்னதுதானே என்று கேட்டார்கள். நான் சொன்னதுதான், ஆனால் அது பொய் என்றேன். கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. ஓட்டையையும் இடிந்த மதிலையும் சொன்னேன். சாவி யாரிடம் இருந்தது, அன்று யார் யார் எங்கே போயிருந்தார்கள், என்னை யார் எங்கே அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன். சர்க்கார் வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ அன்றைக்குப் பொய் சொன்னாயா, இன்றைக்குச் சொல்கிறாயா என்று உரக்கக் கேட்டார்.

"அன்னைக்குத்தான் பொய் சொன்னேன். சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுதிக்கொடுத்ததாகச் சொன்ன காகிதத்தை யாரும் காட்டவில்லை. அப்படி ஒன்று வரவே இல்லை என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. என் பேச்சை மட்டும் வைத்து அந்தப் பெண்ணை விட்டிருப்பார்களா என்று தெரியாது. காயம் வழுக்கி விழுந்ததால் வந்ததல்ல, யாரோ மேலிருந்து அடித்தது என்று ஆஸ்பத்திரி டாக்டர் திடமாகச் சொன்னார். அவர் வெளியூர்க்காரர், யாருக்கும் வேண்டியவர் இல்லை. தப்பிக்க உதவிய வழக்கில் அவளை விடுவித்தார்கள். சங்கிலி வழக்கில் மூன்று மாதம் கொடுத்தார்கள். அதை அவள் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டிருந்தாள். மாற்றிச் சொன்னதற்காக என்னை மாஜிஸ்திரேட் கடுமையாகக் கண்டித்து அனுப்பிவிட்டார்.

கோர்ட் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தேன். அவளை ஊருக்கு அழைத்துப்போக ஒரு வயசான ஆள் வந்திருந்தார், அண்ணனாக இருக்கலாம். அவள் வெளியே வந்ததும் கிட்டே போனேன். நான் என்ன சொல்ல நினைத்தேனோ, அது வரவில்லை. உடம்பு தேவலையா என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கொக்கியப் பத்தி நான்தானே எக்கா ஒங்கிட்டச் சொன்னேன்" என்றாள். "ஒனக்குத் தெரிஞ்சுல்லா கையெழுத்துப் போட்டிருக்கே."

அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் நடந்துவிட்டாள். அண்ணாச்சியும் அந்த அம்மாளும் எனக்குச் செய்ததை நான் பலரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். இவள் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தப்பிய மூவரில் இரண்டு பேரைப் புளியரைப் பக்கம் பிடித்தார்கள். சாவிக்காரர் அகப்படவே இல்லை, மலையைத் தாண்டி மலையாளத்துக்குப் போய்விட்டார் என்று பேச்சு. மேலதிகாரி வழக்கமான மாற்றலில் வேறு ஜில்லாவுக்குப் போனார். தூங்கிய வார்டரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அண்ணாச்சியையும் வேறு சிறைக்கு மாற்றினார்கள், ஆனால் மீதிச் சர்வீஸை முழுசாகப் பார்த்து, மாலை மரியாதையோடுதான் ஓய்வு பெற்றார். மதிலை அடுத்த வருஷம் கல் வைத்துக் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு நாலு வருஷம் வேலை இல்லை. பிறகு ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அண்ணாச்சியின் கடைசி மகள் தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்தாள். அவளுக்கு என்னைத் தெரியாது. மாலையில் அவர் வந்தார். நரைத்திருந்தது, கொஞ்சம் கூனல். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அப்படியா, எனக்கு யாருமே சொல்லலியே என்றார். அந்த வருத்தம் நிஜமாகவே இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கையிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் இருந்த ஐந்து நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியது நான்தான். அவர் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். நாங்கள் மறுபடி பேசிக்கொள்ளவில்லை.